லிஃப்ட்காரரின் கட்சி

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வான்னு சொல்ற எடத்துல எல்லாம் மனுசன் பாதி பயந்துகினேதான் நுழையறான். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதான் ஒத்துமை. இது என் கட்சி. நீங்க வேற கட்சின்னா இருந்துட்டுப் போங்க."

அவர் எங்களிடம் பேசிய முதல் பேச்சு இது. அடையாறில் ஒரு டயாலிசிஸ் மையம். சிறுநீரகம் வேலை செய்யாமல் போனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் படுத்து, இரத்தத்தை ஒரு இயந்திரத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப வாங்கிக்கொண்டு போகும் இடம். அம்மாவுக்கு அன்றுதான் முதல் நாள். மூன்றாம் எண் கட்டிலில் கையை நீட்டிப் படுத்தபடி கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். நாலாம் எண் கட்டிலில் அவர். எங்களைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. மேலே ஏசியைப் பார்த்துச் சொன்னார்.

அறுபதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். கறுத்து மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய உள்ளங்கைகள். முப்பது வருடத்துக்கு மேல் லிஃப்ட் பழுது பார்த்தவர். பேர் சொல்லி அங்கே யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. நர்ஸ்களுக்கு அங்கிள். அம்மாவுக்குப் பின்னாளில் லிஃப்ட்காரர். அம்மா பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் அவருக்கு அவள் டீச்சர் ஆகிவிட்டாள்.

அவரிடம் கருத்து இல்லாத விஷயம் ஒன்றும் கிடையாது. யாரும் கேட்க வேண்டியதில்லை. சுவரில் ஓடும் டிவியில் ஒரு விளம்பரம் வந்தால் போதும்.

"பத்து நிமிசத்துல கொத்தமல்லி கொண்டாந்து குடுப்பானாம். பத்து நிமிசம் கொத்தமல்லி இல்லாம எந்தக் குடும்பம் செத்துச்சு? இந்த ஊர்ல ஆம்புலன்ஸ் மெதுவா வருது, கொத்தமல்லி வேகமா வருது."

அதனால் அவரைப் பழைய காலத்து ஆள் என்று நினைத்துவிட முடியாது. கல்யாணத்தை நேரடியாக ஃபோனில் காட்டுவது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். "மண்டபத்துக்குப் போனா கேமராக்காரன் முதுகைத்தான் பாக்கறோம். வூட்ல உக்காந்துகினு பாத்தா பொண்ணு மொகம் தெரியுது." வீடியோ காலுக்கும் அவர் ஆதரவு. "சொந்தக்காரன் வூட்டுக்குப் போனா கிளம்பறது கஷ்டம். இதுல பட்டனை அமுக்கினா போய்ட்டான்." காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு நடக்கும் பிள்ளைகளை ஐந்தாம் கட்டில் பெரியவர் ஒருநாள் திட்டியபோது இவர்தான் மறுத்தார். "அதுங்க மேல எனக்குக் கோவமில்ல சார். இந்த ஊர்ல காதைத் தொறந்து வெச்சுக் கேக்கற மாதிரி இன்னா கீது?"

நாங்கள் மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் வருவோம். மெட்ரோ வேலைக்காக வழியெல்லாம் தோண்டிப் போட்டு, சுற்றிச் சுற்றி விட்டார்கள். ஒருநாள் அரை மணி நேரம் தாமதமாக வந்து அதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பூமிக்குக் கீழ போறதுக்கு நமக்கெல்லாம் எப்படியும் ஒரு நாள் குறிச்சி வெச்சிருக்கான். அதுக்குள்ள இன்னா அவசரம்னு எனக்கும் தோணும். ஆனா வரட்டும். நான் ஆயுசு பூரா ஜனங்களை மேல ஏத்தி எறக்கினவன். கீழ எறக்கி ஏத்தறவனைக் குறை சொல்ல மாட்டேன்." எட்டுக் கட்டிலும் சிரித்தது.

லிஃப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் குரல் மாறிவிடும். உள்ளே ஏறியதும் எல்லோரும் தலைக்கு மேல் மாறும் எண்ணைப் பார்ப்பது ஏன் என்று கேட்டார். பிறகு அவரே, "பக்கத்துல நிக்கிறவன் மொகத்தைப் பாக்கக்கூடாது. அதுக்குன்னே கம்பெனிக்காரன் நம்பரை மேல வெச்சான்" என்றார். தீபாவளிச் சமயத்தில் தி. நகர் ஜவுளிக்கடை லிஃப்டுகளில் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு நிற்பார்கள், அதே ஆட்கள் தங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலைக்காரப் பெண் உள்ளே வந்தால் ஒதுங்குவார்கள் என்பார். பெசன்ட் நகரில் ஒரு கட்டடத்தில் வீட்டு வேலை செய்கிறவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று போர்டு மாட்டியிருந்தார்களாம். இவர் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனவர், பாகம் ஒன்று தேய்ந்துவிட்டது, புதிதாக வர மூன்று நாள் ஆகும் என்று சொல்லி நிறுத்திவிட்டு வந்துவிட்டார்.

"மூணு நாளு. நாலு மாடி. எல்லா சாரும் எல்லா மேடமும் படியேறினாங்க. நாலாம் நாள் போய் சுவிட்சைப் போட்டேன்."

"போர்டை எடுத்துட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல. போர்டு அப்படியேதான் இருந்துச்சு."

அம்மா, "எங்க பிளாட்லயும் அப்படி ஒண்ணு இருக்கு" என்றாள்.

"இருக்கும் டீச்சர்" என்றார். மறுநாள் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் வந்தபோது, அவள் லிஃப்டில் வந்தாளா படியில் வந்தாளா என்று அம்மா கேட்டாள். பன்னிரண்டு வருடமாக வருகிறவளிடம் அன்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அம்மா அவரோடு பேசத் தொடங்கியதே ஒரு பெரிய விஷயம். நோய் இன்னது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. டயாலிசிஸ் தொடங்கிய முதல் ஐந்து வாரம் அந்த அறையில் அவள் குரலையே யாரும் கேட்டதில்லை. ஊசி குத்தும்போதுகூட ஒரு முனகல் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். ஒரு புதன்கிழமை பத்தியச் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு.

"உப்பில்லாம சாப்பிட்டா ஒண்ணும் குடி முழுகிடாது. நாக்குன்றது நாய் மாதிரி. பழக்கினா பழகிடும்."

மூடிய கண்ணைத் திறக்காமலே அம்மா சொன்னாள்: "நாய் பழகும். நாக்கு பழகாது."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "சிஸ்டர், மூணாம் நம்பர் எனக்கு எதிர்க்கட்சி" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அன்று முதல் இரண்டு பேருக்கும் சண்டைதான். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராதது யார் குற்றம், பெண்கள் ராத்திரி வேலைக்குப் போகலாமா, ஃபோனில் காலை வணக்கம் அனுப்புகிறவர்களை என்ன செய்யலாம், எல்லாவற்றிலும் அம்மா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வீட்டில் இருக்கும் நாட்களில் அம்மா செய்தித்தாளைக் கையில் பேனாவோடு படிப்பாள். எதற்கென்று கேட்டால், "அந்த மனுஷன் நாளைக்கு இதைத்தான் எடுப்பார்" என்பாள். அம்மாவை அந்த வருடம் உயிரோடு வைத்திருந்தது இயந்திரம் மட்டும்தான் என்று என்னால் சொல்ல முடியாது.

ஒரு தடவை மூன்றாவது மணி நேரத்தில் அவருக்கு இரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. பஸ்ஸில் நிற்க இடம் விடாதவர்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். நர்ஸ் ஓடி வந்து கால் பக்கம் கட்டிலை உயர்த்தினாள். அம்மா தன் கையில் இரண்டு ஊசி இருப்பதை மறந்து எழுந்திருக்கப் பார்த்தாள். "பேசுங்க. லிஃப்ட்காரரே, பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம் கழித்து, வெளுத்த உதட்டோடு அவர் முதலில் சொன்னது: "டீச்சர், நான் பாதியில விட்டதை நீங்க ஜெயிச்சதா எட்துக்கக் கூடாது."

இவ்வளவு பேசியவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கொட்டிவாக்கத்திலிருந்து தனியாகப் பஸ்ஸில் வருவார், மனைவி இல்லை, ஒரே மகள். இவ்வளவும் நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த மகள் ஒருநாள் வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். தரமணியில் ஏதோ கம்பெனியில் வேலை, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்திருந்தாள். அப்பாவைப் போலவே பெரிய கைகள். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போனாள்.

"அக்கா, என்னோட கிட்னி அப்பாவுக்கு மேட்ச் ஆகுது. எல்லா டெஸ்டும் அவருக்குத் தெரியாம எடுத்துட்டேன். தை மாசம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுலயும் பேசிட்டேன், அவருக்கும் சம்மதம். அப்பாதான் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு."

"வேணாம்னு சொல்றாரா?"

"வேணாம்னு சொன்னாக்கூடச் சண்டை போடுவேன் அக்கா. வாயே தொறக்கல. நாலு நாளாச்சு. நீங்களும் டீச்சரம்மாவும் சொன்னா கேப்பாரு."

நான் உள்ளே போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "பொண்ணு சொன்னா. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். குழாயில் சுற்றி ஓடும் தன் இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எனக்குக் கட்சி இல்லம்மா" என்றார்.

அப்போது அம்மா பேசினாள். அவரைப் பார்த்து, சாதாரணமான குரலில், வழக்கமான வாதத்தில் ஒன்றைச் சொல்வது போலவே பேசினாள்.

"வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் சொன்னேன். இவ வந்து, கிட்னி தரட்டுமான்னு கேட்டா, நான் வேண்டாம்னேன். உடனே இவ முகத்துல ஒரு நிம்மதி வந்தது. பாவம், இவளுக்கு ரெண்டு குழந்தைங்க, நான் தப்பா எடுத்துக்கல. ஆனா பாத்துட்டேன். உங்க பொண்ணு முகத்துல அது வராது. அந்த நிம்மதி வராத பொண்ணுகிட்ட வேண்டாம்னு சொல்லாதீங்க."

நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் தெரியவில்லை.

நான் கேட்டது டயாலிசிஸ் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, சமையலறையில். அடுப்பில் பால் இருந்தது. "நான் வேணா குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். அந்த 'வேணா' என்ற சொல் எப்படி அங்கே வந்து விழுந்தது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அம்மா பாலை இறக்கிக்கொண்டே, "உனக்கென்ன பைத்தியமா, வேண்டாம்" என்றாள். நான் சரி என்றேன். அந்த ஒரு நொடி என் முகம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா பேசி முடித்ததும் லிஃப்ட்காரர் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் செய்த மரியாதைகளில் அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை மகள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார். நர்ஸ்கள் கை தட்டினார்கள். "இங்க பாதிப் பேருக்கு சுகர், மீதிப் பேருக்குப் பத்தியம். மைசூர்பாகு வாங்கியாந்து நிக்குது பாரு" என்று அவர் சொன்னதும் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அம்மா ஒரு துளி கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் அடையாறு பாலத்தைத் தாண்டும்போது, "எத்தனை வருஷம் பாடம் எடுத்தேன், ஒருத்தரும் இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை" என்றாள்.

பிறகு மாதங்கள் ஓடின. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதும் தள்ளிப்போவதுமாக இருந்தது. முதலில் இருமல் என்றார். பிறகு ஆடி மாதம், நல்ல காரியம் வேண்டாம் என்றார். ஆடியைப் பற்றி அவர் அதற்கு முன் சொன்னதெல்லாம் கேலிதான். பிறகு மகளுக்கு ஆபீசில் வேலை அதிகம், லீவு வீணாக வேண்டாம் என்றார். உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவின் முன் போய் உட்கார வேண்டிய நாளில் ஏதோ ஒரு காகிதத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். லிஃப்டின் ஒவ்வொரு திருகாணியையும் நினைவில் வைத்திருந்தவர்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. நாலு மணி நேரம் முடிந்து ஊசியை எடுத்திருந்தார்கள். இரத்தம் நிற்கும்வரை பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாவை எடை பார்க்க நர்ஸ் அழைத்துப் போயிருந்தாள். அவருக்கு விரல் நடுங்கியதால் அன்று நான் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன்.

"ஆபரேஷன் எப்போ வெச்சிருக்காங்க?" என்றேன்.

"நடக்காதும்மா" என்றார்.

காரணத்தையும் அவராகவே சொன்னார்.

"அவ பொறந்தப்போ ஒன்றரைக் கிலோ. இருவத்தோரு நாள் கண்ணாடிப் பொட்டியில வெச்சிருந்தாங்க. வேலை முடிச்சிட்டு தெனம் போவேன். உள்ள விட மாட்டாங்க. கையெல்லாம் கிரீஸு. வெளிய நின்னு பாத்துகினே இருப்பேன். அவங்கம்மா தெனமும் இன்னிக்கு எத்தினி கிராம் ஏறிச்சின்னு சொல்லும். அப்படி கிராம் கிராமா சேத்த ஒடம்பும்மா அது. அதுல கைய வெக்க எனக்கு மனசு வர்ல."

"அப்போ ஏன் சரின்னு சொன்னீங்க?"

"டீச்சர் சொன்னாங்களே, வேணாம்னு சொல்லாதீங்கன்னு. நான் சொல்லல. தை வரைக்கும் இப்படியே தள்ளிட்டேன்னா கல்யாணம் ஆயிடும். அப்பால மாப்பிள்ளை வூடு, கொழந்தை குட்டின்னு அது பாட்டுக்குப் போய்க்கினு இருக்கும். இந்தப் பேச்சு தானா நின்னுடும். அவ குடுக்க வந்தான்றது அவளுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும்." என் விரலை விலக்கிப் பஞ்சை எடுத்துப் பார்த்தார். இரத்தம் நின்றிருந்தது. "டீச்சர்கிட்ட சொல்லாதம்மா. ஜெயிச்சிட்டோம்னு சந்தோசமா கீறாங்க."

அந்த மையத்தில் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம். உடம்பில் நீரும் நஞ்சும் இரண்டு முழு நாள் சேரும். அதனால் திங்கட்கிழமை காலையில் உள்ளே நுழைந்ததும் எல்லோருடைய கண்ணும் கட்டில்களின் மேல் போகும். யாரும் வாய்விட்டு எண்ண மாட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை நாலாம் கட்டிலில் புதுத் துணி விரித்து, மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளித்துவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தவர், மகள் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார் என்று நர்ஸ் சொன்னாள். இதயம் நின்றுவிட்டது. அம்மா அன்று நாலு மணி நேரமும் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தாள். டிவியை அணைக்கச் சொன்னாள். நர்ஸ் அணைத்தாள்.

மூன்று வாரம் கழித்து மகள் வந்தாள். அவருடைய ஃபைலை வாங்கிப் போக வந்ததாகச் சொன்னாள். கல்யாணத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். அம்மாவின் காலடியில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஃபைலைத் திறக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. கடைசியில் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. அப்பா சரின்னு சொன்னது எனக்காகவா? இல்ல, அவருக்கே உயிரோட இருக்கணும்னு இருந்துச்சா? எல்லாத்துக்கும் ஏதாவது சொல்லுவாரு. இதுல மட்டும் என்ன நினைச்சாருன்னு எனக்குத் தெரியவே இல்ல."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இருக்கணும்னுதான்" என்றேன். "கடைசி வெள்ளிக்கிழமைகூட அதைத்தான் சொன்னார். உன் கல்யாணத்துக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிடணும்னு சொன்னார்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "நான்தான் லேட் பண்ணிட்டேன். லீவு போட்டிருக்கலாம்" என்றாள். நான் சொன்ன பொய் எங்கே போய்க் குத்தியது என்று அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அது இன்னொரு இடத்தில் குத்தும். "நீ ஒண்ணும் லேட் பண்ணலம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கிப் போனாள். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அம்மா அதற்குப் பின் ஒன்றரை வருடம் இருந்தாள். நாலாம் கட்டிலுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அம்மாவுக்கு அவர்களோடு சண்டை போட ஒன்றும் இல்லை. ஆனால் பார்க்க வரும் உறவுக்காரர்களிடம் ஒன்றை மட்டும் சொல்வாள்: "நான் சொன்ன பிறகுதான் அந்த மனுஷன் ஒத்துக்கிட்டார். விதி, நாள் போதலை." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் ஆமாம்மா என்பேன்.

அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு வியாழக்கிழமை, அம்மாவிடம் பேங்க் வேலை என்று சொல்லிவிட்டு, கிட்னி டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். என் கிட்னி அம்மாவுக்குப் பொருந்துமா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான். டோக்கன் கொடுத்தார்கள். சுவரோரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை அதன் அம்மாவின் ஃபோனில் விளையாடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். வரவேற்பில் இருந்த பெண் தலையை உயர்த்தி வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த எண்ணைச் சொன்னாள்.